முப்பத்தொரு பேர், முப்பத்தாறு தாள்

திருத்தங்கலில் இருந்து சிவகாசிக்குப் போகும் ரோட்டில், ஒரு காலண்டர் கம்பெனிக்கும் ஒரு டயர் கடைக்கும் நடுவில் வட்டார மருத்துவர் சங்கத்தின் கட்டடம் இருக்கிறது. கீழே அலுவலகம், மேலே நூறு பேர் உட்காரும் ஹால். இருபத்திரண்டு வருடமாக அதன் சாவி நாகஜோதியிடம்தான். தலைவர்கள் பதினொரு பேர் மாறிவிட்டார்கள், செயலாளர்கள் எத்தனை பேர் என்று அவளுக்கே கணக்கு தப்பிவிட்டது. சாவி மட்டும் கை மாறவில்லை.

ஐம்பத்து மூன்று வயது. பிறந்தது விஸ்வநத்தத்தில். ஒன்பது வயதில் தீப்பெட்டி ஆபீசுக்குப் போனவள், பதினாறு வயது வரை பெட்டிகளை டஜன் டஜனாக அடுக்கி நீலத்தாளில் சுற்றிக்கொண்டிருந்தாள். பிறகு டைப்ரைட்டிங் படித்தாள், தட்டுத் தடுமாறி ஆங்கிலமும் படித்தாள், சங்கத்தில் இந்த அலுவலக வேலைக்கு வந்து சேர்ந்தாள். புருசன் காளிராஜ் லாரி புக்கிங் ஆபீசில் இருந்தார். பிள்ளை இல்லை. ஒன்பது வருடத்துக்கு முன் அவரும் போய்விட்டார். அதற்குப் பின் அவள் வாய் திறந்து பேசுவது மிகவும் குறைந்துபோனது. பஸ்ஸில் டிக்கெட் கேட்பது, கடையில் பால் பாக்கெட் கேட்பது, போனில் ராங் நம்பர் என்று சொல்வது. சில வாரம் இவ்வளவுதான். அப்படிப்பட்ட வாரத்தில் வியாழக்கிழமை வாக்கில் தொண்டையைச் செருமிக்கொண்டு பேசினால் குரல் யாருடையதோ போலக் கேட்கும்.

மாதத்தில் ஒரு நாள் மட்டும் வேறு மாதிரி. முதல் சனிக்கிழமை சாயங்காலம் ஹாலில் டாக்டர்களுக்கு வகுப்பு நடக்கும். மதுரையில் இருந்தோ திருநெல்வேலியில் இருந்தோ ஒரு பெரிய டாக்டர் வந்து புதிதாக வந்த வைத்தியத்தைப் பற்றிப் பேசுவார். படித்து முடித்துப் பல வருடமான டாக்டர்களும் படித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பது விதி. வகுப்பில் உட்கார்ந்த நேரத்துக்குப் புள்ளி உண்டு. அந்தப் புள்ளி குறைந்தால் பதிவைப் புதுப்பிப்பதில் சிக்கல் வரும். அதனால் முப்பது, முப்பத்தைந்து பேர் எப்படியும் வந்துவிடுவார்கள். அன்றைக்கு நாலு மணியில் இருந்து எட்டு மணி வரை நாகஜோதியின் பெயரை ஆளுக்கு ஒரு முறையாவது கூப்பிடுவார்கள். நாகஜோதி, மைக் சரியா இருக்கா. நாகஜோதி, ஏசியைக் கொஞ்சம் குறைங்க. நாகஜோதி, எம்புட்டு நேரம் ஆகும். அவளுக்கு அது போதும். அடுத்த மாதம் வரை அதை வைத்துக்கொண்டு ஓட்டிவிடுவாள்.

இந்த வருடம் தை மாதத்தில் செயலாளர் புகழேந்தி அவளைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அவர் குழந்தை வைத்தியர், பொறுமையாகப் பேசுகிறவர். இதுவரை ஒவ்வொரு வகுப்புக்கும் தனித்தனியாக எழுதிப்போட்டுப் புள்ளி வாங்கினோம், இனி அது நடக்காது, சங்கமே வகுப்பு நடத்தத் தகுதியானது என்று அங்கீகாரம் வாங்க வேண்டும் என்றார். சென்னையில் இருந்து அங்கீகாரக் குழுவின் ஆள் ஒருவர் வந்து மூன்று வருட ஃபைலைப் பார்ப்பார். கிடைத்தால் வகுப்பு தொடரும். கிடைக்காவிட்டால் எல்லாரும் புள்ளிக்காக மதுரைக்குத்தான் போக வேண்டும். பக்கத்துக் காலண்டர் கம்பெனி ஹாலைக் குடோனுக்குக் கேட்டுக்கொண்டே இருக்கிறது, அதற்கு விட்டுவிடலாம் என்று சில பேர் இப்போதே சொல்கிறார்கள்.

“ஃபைல் எல்லாம் சரியாத்தானே இருக்கு?” என்று கேட்டார்.

இருக்கு சார் என்றாள். சொல்லிவிட்டாளே தவிர, கீழே வந்ததும் பீரோவைத் திறந்து மூன்று வருட ஃபைலையும் வெளியே எடுத்து வைத்தாள்.

குழு கேட்பதை அவள் ஒரு தாளில் டைப் அடித்துச் சுவரில் ஒட்டினாள். ஒவ்வொரு வகுப்பின் தலைப்பையும் தேர்ந்தெடுத்தது யார், ஏன் அந்தத் தலைப்பு, இந்த வட்டாரத்து டாக்டர்களுக்கு எது தெரியாமல் இருந்தது என்பதற்குக் குறிப்பு வேண்டும். பேச வந்தவருக்கும் மருந்து கம்பெனிக்கும் தொடர்பு உண்டா என்று அவர் எழுதிக் கையெழுத்துப் போட்ட தாள் வேண்டும். ஹாலில் கம்பெனி பேனர் தொங்கக் கூடாது, சாப்பாடும் கம்பெனி வாங்கித் தரக் கூடாது. வந்தவர்களின் கையெழுத்து வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, வகுப்பு முடிந்ததும் ஒவ்வொரு டாக்டரும் நிரப்பிக் கொடுத்த கருத்துத் தாள் வேண்டும். அதில் நாலு கேள்வி. கடைசிக் கேள்விதான் முக்கியம்: இன்று கேட்டதால் உங்கள் வைத்தியத்தில் நாளை முதல் எதை மாற்றுவீர்கள்?

மற்ற எல்லாம் சுத்தமாக இருந்தது. வகுப்புத் தலைப்புகளைத் தேர்ந்தெடுக்கும் கூட்டத்தின் குறிப்பை அவளே எழுதுவாள். பேனரை நாலு வருடத்துக்கு முன்பே கழற்றிவிட்டாள். மருந்து கம்பெனி ரெப் அன்றில் இருந்து அவளைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். கருத்துத் தாளில்தான் கோளாறு. அதுவும் பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

நான்கு வருடத்துக்கு முன், தாள் கொடுக்க ஆரம்பித்த முதல் மாதம் நாற்பது தாளை நாற்காலிகளில் வைத்தாள். மூன்று திரும்பி வந்தன. ஒன்றில் ‘நன்று’ என்று இருந்தது, இன்னொன்றில் கையெழுத்து மட்டும், மூன்றாவதில் யாரோ வடையின் எண்ணெயைத் துடைத்திருந்தார்கள். டாக்டர்கள் நாள் முழுக்க எழுதி எழுதிக் கை ஓய்ந்தவர்கள், அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. சொல்லாமல் இருக்கவும் முடியாது. அப்போதைய செயலாளர் தாள் எங்கே தாள் எங்கே என்று அரித்து எடுத்தார். நாகஜோதி மீதித் தாள்களை வீட்டுக்கு எடுத்துப்போனாள். மறுநாள் ஞாயிறு. காலையில் துணி துவைத்தாள், மத்தியானம் சாப்பிட்டாள். அதற்கு மேல் செய்ய ஒன்றும் இல்லை. தாள்களை விரித்து வைத்துக்கொண்டு எழுத உட்கார்ந்தாள்.

பொய் எழுதுகிறோம் என்று அவளுக்குத் தோன்றவில்லை. வகுப்பைக் கடைசி வரிசையில் உட்கார்ந்து முழுசாகக் கேட்டது அவள் ஒருத்திதான். மற்றவர்களில் பாதிப் பேர் போனைப் பார்ப்பார்கள், கால்வாசிப் பேர் தூங்குவார்கள், மீதிப் பேர் டீக்கு அப்புறம் கிளம்பிவிடுவார்கள். ஒவ்வொருவரையும் அவள் நினைத்துப் பார்த்தாள். மகப்பேறு டாக்டர் சண்முகத்தாய் இதைக் கேட்டிருந்தால் என்ன கேட்டிருப்பார்? அளவு எம்புட்டு, எத்தனை நாளைக்கு என்றுதான் கேட்டிருப்பார். அதை எழுதினாள். எலும்பு டாக்டர் பாண்டிச்செல்வம் எதையும் ஒத்துக்கொள்ள மாட்டார். அவர் பெயரில் ஒரு மறுப்பு எழுதினாள். பேனாவை மாற்றினாள், சாய்வை மாற்றினாள். சாயங்காலம் நிமிர்ந்து பார்த்தபோது வீட்டுக்குள் அத்தனை பேரும் வந்து உட்கார்ந்து பேசிவிட்டுப் போனது மாதிரி இருந்தது. காளிராஜ் போன பின் அவளுக்கு வாய்த்த முதல் நல்ல ஞாயிறு அதுதான். அதன் பிறகு மாதத்தில் ஒரு ஞாயிறு அவளுக்கு அப்படிப் போனது. அதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல ஆளும் இல்லை.

குழுவில் இருந்து வந்தவர் டாக்டர் எழில். நாற்பத்தைந்து வயதுப் பெண். விருதுநகர் ஜங்ஷனில் காலை ரயிலில் இறங்கி நேராக அலுவலகத்துக்கே வந்துவிட்டார். ஏசி காரும் வேண்டாம், மாலையும் வேண்டாம் என்றுவிட்டார். நாகஜோதியிடம் ஃபைல்களைக் கேட்டு வாங்கி ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். ஒரு மணி நேரம் அவர் தலை நிமிரவில்லை. நாகஜோதி டீயை வைத்தாள், ஆறிப்போன டீயை எடுத்தாள், மறுபடி வைத்தாள். இரண்டாம் டீயைக் குடித்துக்கொண்டே அவர் இந்தக் கருத்துத் தாள்களை மாதிரி தான் எந்த ஊரிலும் பார்த்ததில்லை என்றார். மற்ற சங்கங்களில் ‘நன்று’, ‘மிக நன்று’ என்பதைத் தாண்டி எவரும் எழுதுவதில்லையாம். நாகஜோதிக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. வாழ்க்கையில் அவள் எழுதிய ஒன்றை ஒருவர் வாசித்துப் பாராட்டுவது அதுதான் முதல் தடவை, அதை ஒப்புக்கொள்ளத்தான் வழியில்லை.

பன்னிரண்டு மணிக்கு ஹாலில் நிர்வாகக் குழு உட்கார்ந்தது. புகழேந்தி, சண்முகத்தாய், பாண்டிச்செல்வம், பொது மருத்துவர் கண்ணுச்சாமி. கண்ணுச்சாமிக்கு அறுபத்தைந்து வயது, பஜாரில் அவர் கிளினிக்கில் விடிந்தால் கூட்டம் கூடிவிடும். எழில் முதலில் பாராட்டினார். நால்வரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். பிறகு அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, ஒரே ஒரு விசயம் புரியவில்லை என்றார்.

“இருபத்தொன்பது பேர் வந்த வகுப்புக்கு இருபத்துநாலு தாள். முப்பத்தொரு பேர் வந்த வகுப்புக்கு முப்பத்தாறு தாள். மூன்று வருடமும் அப்படித்தான். இருபத்துநாலு இல்லையென்றால் முப்பத்தாறு. நடுவில் ஒரு எண்ணிக்கை கூட இல்லையே, ஏன்?”

நால்வருக்கும் உண்மையிலேயே தெரியவில்லை. பின்வரிசையில் இருந்த நாகஜோதிக்கு மட்டும் அந்தக் கணத்தில் தெரிந்தது. அதுவரை அவளுக்கே தெரியாது. பெயர்களைப் பார்த்து எழுதிக்கொண்டே போவாள், கட்டும்போது கட்டு நிறையாத மாதிரி இருந்தால் வராத டாக்டர்கள் பெயரிலும் நாலைந்து எழுதிச் சேர்ப்பாள், மிஞ்சினால் எடுத்துவிடுவாள். அது அவள் யோசித்துச் செய்ததே இல்லை.

எழில் ஃபைலில் இருந்து ஒரு தாளை உருவினார். இரண்டு வருடத்துக்கு முன் இருதய நோய் பற்றி நடந்த வகுப்பின் தாள் அது. முப்பத்தாறில் ஒன்று. “சரி, அதை விடுங்கள். இதை எழுதியவர் யார் என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறேன்” என்று வாசித்தார். சர்க்கரை உள்ளவர் நெஞ்சுவலி இல்லாமல், வெறும் வியர்வையோடும் மேல்வயிற்று எரிச்சலோடும் வந்தாலும், வாயுக்கு மாத்திரை கொடுத்து அனுப்புவதற்கு முன் ஈ.சி.ஜி. எடுப்பேன். கூட்டமாக இருந்தாலும் எடுப்பேன். கீழே டாக்டர் கண்ணுச்சாமி என்று பெயர் இருந்தது.

கண்ணுச்சாமி தாளை வாங்கிப் பார்த்தார். அவரிடம் ஒரு நல்ல குணம் உண்டு, தன்னுடையது அல்லாததை வாங்கிக்கொள்ள மாட்டார்.

“இது என் எழுத்து இல்லையே. அந்த வகுப்புக்கு நான் கையெழுத்துப் போட்டுட்டு டீயோட கிளம்பிட்டேன். கிளினிக்ல கூட்டம்.”

பேசாமல் இருந்தால் பழி புகழேந்தியின் மேல் விழும், அவருக்கு ஒன்றுமே தெரியாது. பேசினால் ஹால் குடோனாகும், சனிக்கிழமையும் போகும், ஞாயிறும் போகும். நாகஜோதி எழுந்து நின்றாள்.

“நாந்தான் எழுதுனேன் மேடம். அம்புட்டும் நாந்தான். இவுக யாருக்கும் தெரியாது.”

எழில் அவள் பக்கம் திரும்பினார். “முப்பத்தொரு பேருக்கு முப்பத்தாறு ஏன்?”

“தீப்பெட்டி ஆபீஸ்ல டஜன் டஜனாக் கட்டிப் பழகுன கை மேடம். ஏழையும் அஞ்சையும் தனியா விட வராது.”

பாண்டிச்செல்வத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது, சண்முகத்தாய் முறைத்ததும் அடக்கிக்கொண்டார். கண்ணுச்சாமி சிரிக்கவில்லை. அவர் கையில் அந்தத் தாள் இன்னும் இருந்தது. எல்லாரையும் விட்டுவிட்டு இதை எதற்கு என் பெயரில் எழுதினாய் என்று கேட்டார்.

அவள் இதை யாரிடமும் சொன்னதில்லை. சொல்லக் கூடாது என்று வைத்திருந்ததும் இல்லை. கேட்பார் இல்லாததால் சொல்லாமல் கிடந்தது.

“எங்க வீட்டுக்காரர் உங்க கிளினிக்குக்கு வந்தாக சார். ஒம்பது வருசம் ஆச்சு. சட்டை நனைஞ்சு போற மாதிரி வேர்த்துச்சு, வயித்துக்கு மேல எரியுதுன்னாக. சர்க்கரை உண்டு. நீங்க வாயுக்கு மாத்திரை எழுதிக் குடுத்தீக. விடியக்காலம் போய்ட்டாக. அது ஏன்னு எனக்கு அந்த இருதய வகுப்பு அன்னைக்கு இந்த ஹால்லதான் தெரிஞ்சது.”

“எனக்கு ஞாபகம் இல்லையேம்மா” என்றார் கண்ணுச்சாமி.

“இருக்காது சார். அன்னைக்கு டோக்கனே எழுபதுக்கு மேல.”

அவள் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் கண்ணுச்சாமிக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் தாளை மேசையில் வைத்து விளிம்பைத் தடவிக்கொண்டே இருந்தார்.

எழில் முகத்தில் இரக்கம் இருந்தது, ஆனால் வார்த்தையில் அதைக் காட்டவில்லை. இந்தத் தாள்கள் ஒன்று விடாமல் ஃபைலில் இருந்து வெளியேற வேண்டும் என்றார். இவற்றை வைத்து அங்கீகாரம் தர முடியாது. மற்ற ஏற்பாடுகள் ஒழுங்காக இருப்பதால் அடியோடு நிராகரிக்கவும் போவதில்லை. ஆறு மாதம் தவணை. ஒவ்வொரு மாதமும் வந்தவர்களில் பாதிக்கு மேற்பட்ட டாக்டர்கள் தம் கையால் தாள் எழுத வேண்டும், மூன்றாம் நாளே அது சென்னைக்கு வந்து சேர வேண்டும். ஒரு மாதம் குறைந்தாலும் விண்ணப்பம் ரத்து. சொல்லிவிட்டுக் கிளம்பும்போது நாகஜோதியின் பக்கம் வந்து நின்றார்.

“இவ்வளவு கவனமாக வகுப்பைக் கேட்டவரை நான் பார்த்ததில்லை. ஆனால் எழுத வேண்டியது நீங்கள் இல்லையே” என்றார்.

அவர் போன பின் புகழேந்தி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். பெயரைப் போட்டு எழுதுவது எத்தனை பெரிய தப்பு, வெளியே தெரிந்தால் என்ன ஆகும், அவளை இனி எப்படி வைத்துக்கொள்வது என்று மெல்லப் புலம்பினார். தப்புத்தான் என்று நாகஜோதி சாவியை எடுத்து மேசையில் வைத்தாள். அவள் மனதார வைத்தாள்.

“நாம எழுதியிருந்தா அவ ஏம்ப்பா எழுதப் போறா?” என்றார் கண்ணுச்சாமி. எழுந்து படியிறங்கிப் போனார். சாவி கொஞ்ச நேரம் மேசையிலேயே கிடந்தது. ஹாலைப் பூட்ட வேறு யாருக்கும் தெரியாததால் கடைசியில் அவளே எடுத்துப் பூட்டினாள்.

அடுத்த மாத வகுப்பு தைராய்டு பற்றி. அன்றும் முப்பத்தொரு பேர் வந்தார்கள். பதினாறு தாள் வேண்டும். நாகஜோதி தாள்களை நாற்காலிகளில் வைத்துவிட்டுப் பின்வரிசையில் உட்கார்ந்தாள். இந்தத் தடவை ஒருவரும் அவள் பெயரைக் கூப்பிடவில்லை. மைக் இரைந்தபோது பாண்டிச்செல்வமே எழுந்து போய்ச் சரிசெய்தார். பேசுவதற்குக் கூச்சம் அவர்களுக்கு. நான்கு வருடமாகத் தங்கள் மனசுக்குள் புகுந்து எழுதியவளிடம் என்னவென்று பேசுவது? அவளுக்கு அது விளங்கியது, விளங்கியும் வலித்தது. இதற்காகத்தான் ஹாலைக் காப்பாற்ற நினைத்தோமா என்று ஒரு நொடி தோன்றியது.

முடிந்ததும் பெட்டியில் விழுந்த தாள்களை எண்ணினாள். பதினேழு. மறுபடி எண்ணினாள், பதினேழுதான். இந்த மாதம் பிழைத்துவிட்டது.

மறுநாள் ஞாயிறு. துணி துவைத்தாள், சாப்பிட்டாள். மேசையில் பதினேழு தாள் இருந்தது, எழுதுவதற்கு ஒன்றும் இல்லை. சண்முகத்தாய் அளவைப் பற்றிக் கேட்கவே இல்லை; கர்ப்பிணிகளுக்கு எந்த மாதத்தில் பரிசோதனை என்று கேட்டிருந்தார். பாண்டிச்செல்வம் எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டிருந்தார். நான்கு வருடம் தன் வீட்டில் வந்து உட்கார்ந்து பேசியவர்கள் இவர்கள் இல்லை என்று நாகஜோதிக்கு உறைத்தது. அவர்கள் எல்லாரும் அவளேதான். வீடு முன்னை விடக் காலியாக இருந்தது. சத்தம் போட்டு அழ வேண்டும் போல இருந்தது, ஆனால் அதற்கும் பழக்கம் விட்டுப்போயிருந்தது.

பதினாறு தாளை வாசித்து முடித்துக் கடைசித் தாளை எடுத்தாள். கண்ணுச்சாமியின் கோணல் எழுத்து. முதல் மூன்று கேள்விக்கும் ஒன்றும் எழுதவில்லை. நாளை முதல் எதை மாற்றுவீர்கள் என்ற கேள்விக்குக் கீழே மட்டும் எழுதியிருந்தார். சர்க்கரை உள்ளவர் நெஞ்சுவலி இல்லாமல், வெறும் வியர்வையோடும் மேல்வயிற்று எரிச்சலோடும் வந்தாலும், வாயுக்கு மாத்திரை கொடுத்து அனுப்புவதற்கு முன் ஈ.சி.ஜி. எடுப்பேன். கூட்டமாக இருந்தாலும் எடுப்பேன். அவள் எழுதிய அதே வாக்கியம், ஒரு சொல் மாறவில்லை. அடியில் அவர் கையெழுத்து. பக்கத்தில், இந்த மாதம் நாலு பேருக்கு எடுத்தேன், ஒருவரை மதுரைக்கு அனுப்பினேன், நன்றாக இருக்கிறார் என்று இருந்தது.

அவள் அதை மூன்று தடவை வாசித்தாள். மூன்றாம் தடவை வாய்விட்டு வாசித்தாள். ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டில் அவள் குரல் கேட்டு வெகு நாளாகியிருந்தது.

தைராய்டு வகுப்புக்கும் இந்தத் தாளுக்கும் சம்பந்தமே இல்லை. குழுவில் பிடித்துக் கேட்பார்கள். இதை எடுத்துவிட்டாலும் பதினாறு இருக்கிறது, வேண்டியது பதினாறுதான். எடுத்து வைத்துக்கொண்டால் காலத்துக்கும் தன்னிடமே இருக்கும். தாளைத் தனியாக எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு அதை மற்றவற்றோடு சேர்த்து, பதினேழையும் ரப்பர் பேண்டில் கட்டினாள். கட்டு நிறையாமல் தொளதொளவென்று இருந்தது. அப்படியே உறைக்குள் போட்டாள். கேட்டால் கேட்கட்டும், பதில் சொல்லிக்கொள்ளலாம் என்று ஒட்டினாள்.